எட்டாம் வேற்றுமை

எருசலேமில் முதல் நாள் காலை. ஒலிவ மலைக்குப் போகும் பேருந்தில் ஜெபம் செய்யச் சொல்லி என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். எனக்கு இது பழகிய வேலை. "அன்பின் பரம பிதாவே" என்று ஆரம்பித்தேன். நன்றி சொன்னேன், பயணத்தைக் காத்துக்கொள்ளும்படி கேட்டேன். அப்புறம் வேகம் பிடித்துவிட்டது. "எங்களுக்காகச் சிலுவையில் இரத்தம் சிந்தினீரே, மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தீரே, இந்த மண்ணில் நடந்து திரிந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி, "இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே" என்று முடித்தேன். பேருந்து முழுக்க ஆமென்.

பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். நான் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தம்பி, பிதாவே என்று விளித்தீர்கள். நடுவில் வேறு யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் வாக்கியம் முடியும்போது பிதா சிலுவையில் தொங்குகிறாரே?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் உடனே கையைத் தட்டிக்கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஆயுசு பூரா விடைத்தாள் திருத்திய கை. எட்டாம் வேற்றுமை எங்கே கேட்டாலும் காது நிமிர்ந்துவிடும்."

எட்டாம் வேற்றுமை என்றால் விளி வேற்றுமை. கூப்பிடுவதற்கான வேற்றுமை. அரசன் 'அரசே' ஆவதும் பிதா 'பிதாவே' ஆவதும் அதில்தான். எத்தனையோ வருடமாக ஜெபிக்கிறேன்; நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. பிதாவில் ஏறி, குமாரனில் இறங்கி, நடுவில் "ஆவியானவரே, வாரும்" என்று ஒரு நிறுத்தம். எல்லாம் ஒரே கடவுள்தானே என்ற தைரியம். என் சறுக்கலுக்குப் பழைய வரலாறு உண்டு என்பதையும் அவரே சொன்னார். 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரக்சேயா என்பவர் பிதாவும் குமாரனும் ஒரே ஆள்தான் என்று போதித்தாராம். ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் அவரைச் சாடும்போது, "பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டார்" என்று எழுதினார். நான் அன்று காலை அதையேதான் செய்திருந்தேன், மைக்கோடு.

மலை உச்சியில் முதலில் பார்த்தது பாத்தர் நோஸ்டர் ஆலயம். 'எங்கள் பிதாவே' என்பதற்கான லத்தீன் சொற்களே ஆலயத்தின் பெயர். 4ஆம் நூற்றாண்டில், கான்ஸ்டன்டைன் காலத்தில், இங்கே ஒரு குகையின் மேல் பேராலயம் எழுந்தது. 614இல் பாரசீகர் படையெடுப்பில் அது அழிந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு சீமாட்டி இந்த நிலத்தை வாங்கி, கார்மேல் சபைக் கன்னியருக்கு மடம் கட்டிக்கொடுத்தார். பழைய பேராலயத்தை மறுபடி எழுப்பும் வேலை 1915இல் தொடங்கி 1927இல் நின்றுபோனது. அதனால் சுவர்கள் இருக்கின்றன, கூரை இல்லை. "பரமண்டலங்களிலிருக்கிற" என்று சொல்லி நிமிர்ந்தால் நேராக வானம்தான். கட்டி முடிக்காததும் நல்லதுக்குத்தான் என்று எனக்குப் பட்டது.

சுவரெங்கும் பீங்கான் ஓட்டுப் பலகைகள். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் கர்த்தருடைய ஜெபம். தமிழ்ப் பலகையைக் கண்டதும் எங்கள் கூட்டம் போட்டோவுக்கு முண்டியடித்தது. ஆசிரியர் மட்டும் தள்ளி நின்று படித்துக்கொண்டிருந்தார். "ஆண்டவரே, எங்களுக்கு ஜெபம்பண்ணக் கற்றுக்கொடுங்கள் என்று சீஷர்கள் கேட்டார்கள், லூக்கா 11. என்னை நோக்கி ஜெபியுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம், இல்லையா? சொல்லவில்லை. தம் பிதாவைக் கைகாட்டினார்."

லூக்கா இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தைய காட்சி மார்த்தாள் வீட்டில் நடக்கிறது. மார்த்தாள், மரியாளின் ஊரான பெத்தானியா இந்த மலையின் மறுசரிவில்தான் இருக்கிறது. மத்தேயு இதே ஜெபத்தைக் கலிலேயாவின் மலைப்பிரசங்கத்தில் வைக்கிறார். இந்தக் குகையில்தான் கற்றுக்கொடுத்தார் என்று வழிகாட்டி அடித்துச் சொன்னபோது நான் வாதிடப் போகவில்லை.

ஆசிரியர் என்னை விட்டது 'எங்கள்' என்ற சொல்லில்தான். "நமக்கு நாம் வேறு, நாங்கள் வேறு. எங்கள் என்றால் கேட்கிறவர் அதில் சேர மாட்டார். இங்கே கேட்கிறவர் பிதா, அது சரி. அப்படியானால் இயேசு எங்கே நிற்கிறார்? கேட்கிற பக்கமா, நம்மோடு சேர்ந்து சொல்கிற பக்கமா?" பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்க ஆரம்பித்துவிட்டார்.

இறங்கும் பாதை செங்குத்து. எதிரே நகரம் முழுசாகத் தெரிகிறது. முழங்கால் வலிக்கிறவர்களுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. கீழே கெத்செமனே. பழைய ஒலிவ மரங்கள் எட்டு, முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி அடிமரங்கள். பக்கத்தில் 1924இல் கட்டி முடித்த சகல ஜாதிகளின் ஆலயம். ஜன்னல்களில் ஊதா நிற அலபாஸ்டர் கல் பதித்திருப்பதால் வெளியே உச்சிவெயில் அடித்தாலும் உள்ளே இரவு. பீடத்தின் முன்னால் வெறும் பாறை. அவர் முகங்குப்புற விழுந்து ஜெபித்த பாறை என்பது மரபு.

"அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும்" என்பது மாற்கு 14:36. அந்த அப்பா தமிழ் அப்பா இல்லை, அரமேயச் சொல்லை அப்படியே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் தமிழ்க் காதில் அது விழுகிற விதமே தனி. சுவிசேஷங்களில் இயேசு ஜெபிக்கும் இடங்களை அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தேன். லாசருவின் கல்லறையில் பிதாவே. யோவான் 17இல் பிதாவே. ஆணி அடித்தவர்களுக்காக வேண்டும்போதும் பிதாவே. ஒரே ஒரு தடவை மட்டும் விளி மாறுகிறது: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி.

கெத்செமனேயிலிருந்து சில எட்டுதான் மரியாளின் கல்லறை ஆலயம். கீழே, கீழே, கீழே என்று படிகள். விளக்குகள் கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. எங்கள் குழுவில் கத்தோலிக்க அக்கா ஒருவர் இருந்தார். கீழே போனதும் மண்டியிட்டு ஜெபமாலையை எடுத்தார். நான் எங்கே நிற்பது, கையை என்ன செய்வது என்று தெரியாமல் தூணோரம் ஒதுங்கினேன். வளர்ந்த வளர்ப்பு அப்படி. மேலே வந்ததும் அவரே பேச்செடுத்தார்.

"நீங்க ஒதுங்கி நின்னதைப் பார்த்தேன். நாங்க மாதாகிட்ட என்ன கேக்கறோம்னு நினைக்கறீங்க?"

நான் விழித்தேன்.

"'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.' அவ்வளவுதான். நீங்க உங்க பாஸ்டர்கிட்ட கேக்கறதில்லையா?"

கேட்கிறேன். வாரம் தவறாமல் கேட்கிறேன். ஜெபமாலையில் சொல்லும் அந்த 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தின் முதல் பாதி லூக்காவில் காபிரியேலும் எலிசபெத்தும் சொன்னது. "வேண்டிக்கொள்ளும்" என்கிற பின்பாதி இன்றைய வடிவில் 1568ஆம் ஆண்டு ரோமை ஜெபப் புத்தகத்தில் நிலைபெற்றது. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, மற்றவர்களுக்குச் செய்வது வணக்கம் என்று 787இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் கோடு போட்டது. லூத்தரன் தரப்பு 1530இல் ஆக்ஸ்பர்க் அறிக்கையில், புனிதர்களின் விசுவாசத்தை நினைவுகூரலாம், அவர்களை அழைத்து உதவி கேட்க வேதத்தில் இடமில்லை என்றது. தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்ற 1 தீமோத்தேயு 2:5 எனக்கு இன்றும் போதுமான வசனம். மரித்தவரிடம் பேசுவதும் உயிரோடிருக்கிற பாஸ்டரிடம் கேட்பதும் ஒன்றல்ல என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அக்காவிடமும் சொன்னேன். "கிறிஸ்துவுக்குள்ள யாருப்பா மரிச்சவங்க?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதற்கு மேல் நாங்கள் இருவரும் பேசவில்லை. ஆனால் மாதாவையே கடவுளாக நினைத்துக் கேட்கிறார்கள் என்று இத்தனை காலம் நான் மனதுக்குள் வைத்திருந்த குற்றச்சாட்டு அந்தப் படிகளில் கீழே விழுந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு வரவில்லை.

கெதரோன் பள்ளத்தாக்கைத் தாண்டினால் நகரத்தின் சிங்க வாசல். கிறிஸ்தவர்கள் இதை ஸ்தேவான் வாசல் என்பார்கள். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்ற இடம் வடக்கே தமஸ்கு வாசலுக்கு வெளியே என்று இன்னொரு மரபும் உண்டு. எங்கே என்பது இருக்கட்டும். பிதாவை மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்று நான் முடிவுகட்டியிருந்த நேரம் இந்த மனிதர் குறுக்கே வந்தார். அவர் சாகும்போது சொன்னது: "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்."

இயேசு சிலுவையில் சொன்னது: "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்."

வாசல் நிழலில் நின்று இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தேன். குமாரன் பிதாவிடம் சொன்னதை இவர் குமாரனிடம் சொல்கிறார். யூதராகப் பிறந்து, ஒரே கடவுள் என்று தினமும் அறிக்கையிட்டு வளர்ந்தவர் உயிர் போகிற நேரத்தில் இப்படிக் கூப்பிட்டால், இயேசு யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்திருக்காது. பவுலும் தன் உடலில் முள்ளாய் உறுத்திய வேதனைக்காக மூன்று தரம் கர்த்தரிடம் வேண்டிக்கொண்டார். வேதாகமத்தின் கடைசி ஜெபமே "கர்த்தராகிய இயேசுவே, வாரும்" என்பதுதான். சபைக்கு வெளியே இருந்தவர்கள் கண்ணுக்கும் இது தெரிந்திருக்கிறது: கி.பி. 112 வாக்கில் ஆளுநர் பிளினி, இவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். பிறகு ஒரிகேன் 3ஆம் நூற்றாண்டில், சரியான பொருளில் ஜெபம் என்பது பிதாவிடம் மட்டுமே, கிறிஸ்துவின் வழியாக, என்று கண்டிப்பு காட்டினார். ஒரிகேன் பெரிய அறிஞர். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் ஸ்தேவான் பக்கம்.

மறுநாள் சீயோன் மலையின் மேல்வீட்டறை. ஆவியானவர் இறங்கிய இடமாக மதிக்கப்படுவது. கூட்டம் அதிகம், எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். வேதாகமத்தில் ஆவியானவரை நேராக விளித்து ஒரு ஜெபம் காண்பது அரிது. ஆனாலும் பிதாவோடும் குமாரனோடும் அவர் சேர்ந்து தொழப்படுகிறார் என்று 381ஆம் ஆண்டின் விசுவாசப் பிரமாணம் சொல்கிறது, தொழலாம் என்றால் கூப்பிடவும் கூடும். படைத்த ஆவியே வாரும் என்ற லத்தீன் பாடலை மேற்கத்திய சபை 9ஆம் நூற்றாண்டிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறது.

வெளியே ஒரு கல்திண்ணையில் ஆசிரியர் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "என் நாமத்தினாலே பிதாவினிடத்தில் கேளுங்கள் என்கிறார், யோவான் 16. நாமத்தினாலே: ஆல், மூன்றாம் வேற்றுமை. பரிசுத்த ஆவிக்குள் ஜெபம்பண்ணி என்கிறது யூதாவின் நிருபம். உள், ஏழாம் வேற்றுமை. பிதாவே, எட்டாம் வேற்றுமை. ஒரே வாக்கியத்தில் மூன்று பேருக்கும் இடம் இருக்கிறது, தம்பி. நீங்கள்தான் மூவரையும் எட்டில் போட்டு நெருக்கினீர்கள்."

"அப்போ இயேசுவே என்று கூப்பிட்டால் தப்பா?"

"ஸ்தேவானுக்கு மதிப்பெண் குறைக்க நான் யார்? யாரைக் கூப்பிடுகிறீர்களோ அவரோடு பேசுங்கள், அவ்வளவுதான் நான் சொன்னது. அடுத்தவரைக் கூப்பிட வேண்டுமென்றால் மறுபடி ஒரு விளி போடுங்கள்."

இதே உருபுகளுக்காக 4ஆம் நூற்றாண்டில் உண்மையாகவே சண்டை நடந்தது என்றும் சொன்னார். "குமாரனாலே, ஆவிக்குள், பிதாவுக்கு மகிமை" என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் செசரேயாவின் ஆயர் பசிலியு "குமாரனோடும் ஆவியோடும் பிதாவுக்கு மகிமை" என்றும் சொன்னார். ஓடு எங்கிருந்து வந்தது என்று சிலர் கொதித்தார்கள். அவர் 375 அளவில் அதற்கு ஒரு நூலே எழுதி, இரண்டும் சரி என்று வாதாடினார். ஆசிரியருக்கு இதைச் சொல்லும்போது தாங்க முடியாத சந்தோஷம். "ஆலும் ஓடும் ரெண்டுமே மூன்றாம் வேற்றுமைதானே! நம்மாள் ஒருவர் இருந்திருந்தால் அன்றே தீர்த்திருப்பார்." பீடத்தில் நிற்கும்போது ஜெபம் எப்போதும் பிதாவை நோக்கியே இருக்கட்டும் என்று கார்த்தேஜ் சங்கம் 397இல் விதி செய்தது. வேறிடத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்த ஜெபங்களை விவரம் தெரிந்தவர்களிடம் காட்டாமல் சொல்லக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. என்னைப் போல மைக்கோடு ஓடுகிறவர்கள் அப்போதும் இருந்திருக்க வேண்டும்.

கடைசி நாள் திருக்கல்லறை ஆலயம். வரிசையில் நெடுநேரம் நின்றோம். நிற்கும்போது எனக்கு மகதலேனா மரியாள் நினைவுக்கு வந்தாள். உயிர்த்தெழுந்தவர் அவளிடம் சொன்னது, "என் பிதாவினிடத்திற்கும் உங்கள் பிதாவினிடத்திற்கும்" ஏறிப்போகிறேன் என்று. 'நம் பிதா' என்று சொல்லவில்லை. என், உங்கள் என்று பிரித்தே சொல்கிறார். அவர் குமாரனாக இருப்பது வேறு, நாம் பிள்ளைகளானது வேறு. ஆனால் கெத்செமனேயில் அவர் வாயில் இருந்த அதே "அப்பா பிதாவே" ரோமர் 8இல் நம் வாயில் வந்துவிடுகிறது, ஆவியானவர் அப்படிக் கூப்பிட வைக்கிறார் என்று. அவருடைய சொல்லை நமக்குக் கொடுத்துவிட்டு அவர் எங்கே நிற்பார்? கூரையில்லாத ஆலயத்தில் ஆசிரியர் கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். இரண்டு பக்கமும் நிற்கிறார் என்று தோன்றியது.

குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே மூன்று நான்கு பேருக்கு மேல் இடமில்லை. சலவைக்கல் பலகையில் கை வைத்தேன். இந்தத் தடவை ஒழுங்காக ஜெபிக்க வேண்டும் என்று வரிசையிலேயே வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன், விளியோடு, உருபுகளோடு. "பிதாவே" என்று சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. வெளியே இருந்த துறவி, நேரமாகிவிட்டது என்று கல்லைத் தட்டினார்.

ஆசிரியர் எனக்கு முன்னாலேயே போய் வந்துவிட்டு ஒரு தூணில் சாய்ந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விளி மட்டும்தான் வந்தது, ஐயா. வாக்கியம் வரவில்லை."

"எழுவாய் பயனிலை எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்," என்றார். "வாக்குக்கடங்காத பெருமூச்சு என்று பவுல் எழுதியிருக்கிறாரே." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேருந்து எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டார்.