புகாராவின் சாமானி கல்லறை மாடம்: எங்கே நின்று பார்ப்பது?

உஸ்பெகிஸ்தானின் புகாராவுக்குப் போகிறவர்கள் பலர் இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சாமானி அரச வம்சத்தாரின் கல்லறை இது, 10ஆம் நூற்றாண்டுக் கட்டடம். வண்ண ஓடு கிடையாது. ஒரே நிறச் சுட்ட செங்கல்தான்.

நடு மதியம் வேண்டாம். காலையிலோ மாலையிலோ வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக விழும்போதுதான் நிழல் எழும்பும், சுவர் ஓலைப்பாய் முடைந்ததுபோலத் தெரியும். கிட்டப்போய்ப் பாருங்கள்: சில செங்கல் படுத்திருக்கும், சில நின்றிருக்கும், சில உள்வாங்கியிருக்கும். அலங்காரம் மேலே ஒட்டியதல்ல, கட்டுமானமே அலங்காரம்.

உள்ளே போனதும் குவிமாடத்தைப் பார்க்காமல், முதலில் மூலைகளைப் பாருங்கள். சதுர அறைமேல் வட்டக் கூரை எப்படி உட்காரும்? நான்கு மூலையிலும் குறுக்கே ஒரு வளைவு போட்டுச் சதுரத்தை எண்கோணமாக்கியிருக்கிறார்கள். அதன்மேல் பதினாறு பக்கம், பிறகு வட்டம். குவிமாடத்தின் பாரம் இந்த வளைவுகள் வழியாகத் தடித்த சுவருக்கு இறங்குகிறது. என்னைக் கேட்டால், இந்த மூலைகளுக்காகவே அவ்வளவு தூரம் போகலாம்.

சுவரைத் தொடாதீர்கள், சாயாதீர்கள். புகாராவில் நிலத்தடி நீர் மேலாகவே இருக்கிறது, உப்பும் அதிகம். ஈரம் செங்கல்லில் ஏறிக் காயும்போது உப்புப் பூத்து, முகப்பு பொரிந்து உதிரும். பழைய கட்டடங்களின் அடிவரிசைகளில் இந்த வெள்ளைப் பூப்பைக் காணலாம்.

சஷ்மா அயூப் என்ற பழைய புனித ஊற்றுத் தலமும் பக்கத்திலேயே, சில நிமிட நடைதான்.