கொடியைப் புதைக்கும் ஊர்

அக்டோபர் 4, 2024

சீனாவின் தேசிய தின விடுமுறை. தியான்ஜின் நகரில் இருந்து சாங்லிக்கு ரயில் ஏறினோம். ஹெபெய் மாகாணத்தின் கடலோரக் கவுன்டி. வடக்கே மலை, கிழக்கே போஹாய் கடல், நடுவே பீச், பேரி, திராட்சைத் தோட்டங்கள். இனிப்பில்லாத சிவப்பு ஒயினைச் சீனாவிலேயே முதலில் வடித்தது நாங்கள்தான், 1983இல் என்று ஊர்க்காரர்கள் மார்தட்டுகிறார்கள்.

சாலையோரத்தில் ஒரு அக்கா விற்ற கறுந்திராட்சையை வாயில் போட்டதும் திகைத்துப்போனேன். நம்ம கம்பம் பன்னீர் திராட்சை! அதே வாசனை, அதே கொட்டை. இரண்டுமே மஸ்கட் ஹாம்பர்க் ரகம். ஆலைகள் ஒயினுக்கு அதிகம் வாங்குவது காபர்நே சோவின்யோன் என்ற வேறொரு திராட்சை ரகம். அதன் அறுப்பு இப்போது நடக்கிறது.

அக்டோபர் 5

ஜியெஷி மலை, 695 மீட்டர். கி.பி. 207இல் படைத்தலைவர் ட்சாவ் ட்சாவ் இங்கே நின்று கடலைப் பார்த்தாராம். எங்களுக்கு மூட்டம்தான் தெரிந்தது.

நவம்பர் 9

இதைப் பார்க்கத்தான் மறுபடி வந்தேன். மண் உறைவதற்குள் திராட்சைக் கொடிகளைப் புதைக்கிறார்கள். கடல் பக்கத்தில் இருந்தாலும் குளிர்காலக் காற்று சைபீரியாவில் இருந்து வருகிறது. குளிரோடு வறட்சியும் சேர்ந்து, வெளியே நிற்கும் கொடியைக் காயவைத்துக் கொன்றுவிடும்.

முதலில் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. பிறகு கொடியைக் கம்பியிலிருந்து அவிழ்த்து, வரிசை முழுக்க ஒரே பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்கிறார்கள். இதற்காகவே தண்டைச் சிறு வயதிலிருந்தே சாய்வாக வளர்க்கிறார்கள். அப்படியும் கிழட்டுத் தண்டு வளைக்கும்போது பிளந்துவிடுகிறது. இரு வரிசைக்கும் நடுவிலிருந்து இயந்திரம் மண்ணை வாரி இறைக்கிறது. ஆனால் கொடியை வளைப்பதும், காற்று புகும் சந்துகளை மண்வெட்டியால் அடைப்பதும் மனிதக் கைதான். கைகள் எல்லாம் அறுபதைத் தாண்டியவை. இளவட்டம் ஒருவரையும் காணோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் குலை தொங்கும். அதே ரகம் இங்கே ஐந்து மாதம் மண்ணுக்கடியில்.

நவம்பர் 10

கடற்கரை. படகுகள் ஸ்காலப் சிப்பியை மூட்டை மூட்டையாக இறக்குகின்றன. 1982இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இனம். வலைக்கூடுகளில் தொங்கவிட்டால் ஒரே பருவத்தில் விற்பனைக்குத் தயார். மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், ஆனால் ஊரின் இன்னொரு வருமானம் எது என்று புரிந்தது.

ஏப்ரல் 5, 2025

சிங்மிங் விடுமுறை, முன்னோர் கல்லறைக்குப் போய்க் கும்பிடும் நாள். கொடிகளைத் தோண்டி எடுக்கிறார்கள். சீக்கிரம் எடுத்தால் பின்பனி கருக்கும், தாமதித்தால் மொட்டு மண்ணுக்குள்ளேயே முளைத்து அழுகும். மண்வெட்டி மொட்டில் பட்டால் அந்தக் கிளையின் விளைச்சல் போச்சு.

2010 டிசம்பரில் இதே ஊரின் சில ஆலைகள் தண்ணீர், சர்க்கரை, சாயம், வாசனைப் பொருள் கலந்து ஒயின் என்று விற்றதை சீன அரசின் மத்தியத் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. ஆலைகளுக்குப் பூட்டு விழுந்தது. ஒழுங்காகச் செய்தவர்களின் பாட்டிலும் அலமாரியிலிருந்து இறங்கியது. ஒரு கொடியைப் புதைத்து எடுக்கும் கூலியைப் பார்த்தால், கலப்படம் செய்தவர்கள் ஏன் தோட்டத்துப் பக்கமே போகவில்லை என்பது விளங்குகிறது. அதற்காக மன்னிக்க முடியாது.

ராத்திரி உள்ளூர் காபர்நே ஒன்றைத் திறந்தோம். நல்ல நிறம், ஆனால் குடைமிளகாய் வாசனை தூக்கல். பழம் முழுதாகப் பழுக்கவில்லை. மழைக்குப் பயந்து முன்னதாகவே பறித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை செப்டம்பரில் வந்து அந்தக் கறுந்திராட்சையை மட்டும் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போகலாம் என்கிறாள் மனைவி.