இடங்கழியார் நெல் அளித்த கொடும்பாளூர்

திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டியதும் சற்று தூரத்தில் கொடும்பாளூர் வருகிறது. வெயிலில் காய்ந்த செம்மண், ஆங்காங்கே பனைகள், மழையை நம்பி வாழும் குளங்கள், அவற்றின் கரையோரத்து வீடுகள் என்று வானம் பார்த்த பூமிக்கே உரிய தோற்றம். பேருந்திலிருந்து இறங்குகிறவருக்கு இதுதான் ஒரு காலத்தில் கோனாடு என்ற பழைய நாட்டுப் பகுதியின் தலைநகர் என்று நம்புவது எளிதல்ல. ஐப்பசி மாதத்தில், இடங்கழி நாயனாரின் குருபூசை வருகிற கார்த்திகை நட்சத்திர நாளில், வீட்டிலிருந்து ஒரு சிறு துணிப்பையில் அரிசி எடுத்துக்கொண்டு அங்கே சென்றேன். அரிசி எடுத்துச் சென்றதற்குக் காரணம் அந்த நாயனாரே.

இடங்கழியார் இவ்வூரில் இருந்து ஆண்ட இருக்குவேளிர் குலத்து மன்னர். நாள்தோறும் சிவனடியார்க்கு அமுது படைத்து வந்த ஒருவர், கையிருப்பு முழுவதும் தீர்ந்த பிறகும் அந்தத் தொண்டை நிறுத்த மனமில்லாமல், நள்ளிரவில் மன்னரின் நெற்கொட்டாரத்துக்குள் புகுந்து நெல்லை எடுத்தார். காவலர் கையில் அகப்பட்டார். மன்னர் முன் நிறுத்தப்பட்டபோது, அடியார்களுக்கு அமுது செய்விக்க வேறு வழியின்றியே இதைச் செய்ததாக மறைக்காமல் சொன்னார். அதைக் கேட்ட இடங்கழியார், இவரல்லவா எனக்குப் பண்டாரம் (கருவூலம்) என்று உருகி, நெற்பண்டாரம் மட்டுமின்றி நிதிப்பண்டாரத்தையும் அடியார்கள் விரும்பியபடி எடுத்துக்கொள்ளலாம் என்று ஊரெங்கும் பறையறைவித்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. காவிரிக்கரை வயல்களின் நடுவே இருந்துகொண்டு ஓர் அரசர் இதைச் சொல்லியிருந்தாலும் பெருமைதான். ஆனால் ஒரு மழை பொய்த்தாலே களம் வெறிச்சோடிவிடுகிற இந்த மண்ணில் நின்று சொன்னார் என்பதை, இங்கே வந்து நிலத்தைப் பார்த்த பிறகுதான் முழுமையாக உணர முடிந்தது. திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் ‘மடல்சூழ்ந்த தார்நம்பி இடங்கழிக்கும்’ என்று அவரை வணங்குகிறார். அந்த வரியைச் சொல்லிக்கொண்டே மூவர் கோயிலை நோக்கி நடந்தேன்.

மூவர் கோயில் என்ற பெயர் இருந்தாலும் இன்று முழு உயரத்தில் நிற்பவை இரண்டு விமானங்களே. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. மூன்றும் மேற்கு நோக்கியவை. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேளிர் மன்னர் தன் பெயராலும், தேவியர் கற்றளி, வரகுணை ஆகிய இருவர் பெயராலும் எடுப்பித்தவை என்று இங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. பல்லவர் படையின் குருதியால் காவிரி நீர் சிவந்தது என்று அவருடைய வீரத்தைப் பாடும் அதே கல்வெட்டு, மல்லிகார்ச்சுனர் என்ற, சைவத்தின் ஒரு பிரிவான காளாமுகத்தைச் சேர்ந்த துறவிக்குப் பெரிய மடம் ஒன்றைக் கொடுத்ததையும், ஐம்பது தவசியர் உண்பதற்காகப் பதினொரு ஊர்களை அளித்ததையும் சேர்த்துச் சொல்கிறது. போரும் வெற்றியும் எல்லாக் குலத்துக் கல்வெட்டிலும் உண்டு. என் மனத்தைப் பிடித்து நிறுத்தியது அந்த ஐம்பது பேரின் சோறுதான். இடங்கழியாரின் கொட்டாரத்து நெல்லும் இந்த மடத்து உலையில் வெந்த நெல்லும் ஒரே குலத்தின் கைகளிலிருந்து வந்தவை அல்லவா.

விமானத்தின் அருகே சென்று நிமிர்ந்து பார்த்தால், கூரை விளிம்புக்குக் கீழே பூதகணங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. தொந்தி சரிய, கன்னம் உப்ப, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சிரிக்கின்றன. மேலே உள்ள கல்லின் பாரம் முழுவதும் தங்கள் தோளில்தான் இருக்கிறது என்ற நினைப்பே இல்லாத சிரிப்பு அது. நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். கருவறைகளில் இன்று பூசை இல்லை; விளக்கும் இல்லை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் புல்வெளி தூய்மையாக இருக்கிறது. சுற்றிலும் பரிவாரக் கோயில்களின் அடித்தளங்கள் மட்டும் கோலம் போட்டதுபோல் தரையில் தெரிகின்றன.

வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், நான் வெற்றுக் கருவறையை நோக்கிக் கும்பிடுவதைப் பார்த்துவிட்டு, “உள்ளே சாமி இல்லையேன்னு வெசனப்படாதீங்க ஐயா, கும்பிட்டா அங்கதான் இருக்கும்” என்றார். மறுமொழி சொல்லத் தோன்றாமல் அவரையும் கும்பிட்டேன்.

சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையோன், ‘கொடும்பை நெடுங்குளக் கோட்டகம்’ புகுந்தால், பிறை சூடிய பெரியோன் ஏந்திய சூலம்போல் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான். கொடும்பை என்பது இந்தக் கொடும்பாளூரே. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இடையே வழிப்போக்கர் தங்கி, உண்டு, வழி கேட்டுப் புறப்பட்ட ஊர் இது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. படைகளும் இதே வழியில்தான் போயின. சோழருக்குத் துணைநின்ற இக்குலத்தவருள் சிறிய வேளார் ஈழப்போரில் உயிர் நீத்தார்.

ஐவர் கோயில் என்று வழங்கும் இடத்தில் அடித்தளமும் ஒரு பெரிய நந்தியுமே மிஞ்சியிருக்கின்றன. வணங்கிவிட்டு, இன்றும் பூசை நடக்கும் முசுகுந்தேசுவரர் கோயிலை அடைந்தபோது உச்சிக்காலம் நெருங்கியிருந்தது. நடுவில் நின்ற மண்டபத் தூண்களின் குளிர்ச்சி, வெயிலில் நடந்து வந்த உடலுக்கு இதமாக இருந்தது. பையிலிருந்த அரிசியைக் குருக்களிடம் கொடுத்தேன். அவர் அதை முறத்தில் கொட்டி, கல் பார்த்து, ஒரு கைப்பிடியை அன்றைய நைவேத்தியத்துக்கென எடுத்து வைத்தார். மீதியை என்ன செய்யட்டும் என்று கேட்டார். யார் பசியோடு வந்தாலும் கொடுங்கள் என்றேன். தீபாராதனை முடிந்ததும், வாழையிலைத் துண்டில் சூடு ஆறாத வெண்சோற்றை வைத்து என் கையில் கொடுத்தார்.