நான்கு டிஸ்க், இரண்டு கொழும்புப் பயணம்: ஹட்டனில் ரெய்ட் 6 அமைத்த அனுபவம்

கூத்து வீடியோக்களைச் சேமிக்க நான்கு டிஸ்கை ரெய்டாக, அதாவது ஒன்று செத்தாலும் கோப்புகள் தப்பும்படி ஒரே சேமிப்பிடமாக, இணைத்தேன். மூன்று நாளில் முடிய வேண்டிய வேலை மூன்று வாரம் இழுத்தது. இப்போது திரையில் சதுர அடைப்புக்குள் நான்கு ‘யூ’ எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. நான்கு டிஸ்கும் வேலை செய்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். ஒன்று விழுந்தால் அதன் இடத்தில் ஒரு கீழ்க்கோடு வரும். அந்தக் கீழ்க்கோட்டை இந்த மூன்று வாரத்தில் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாயிற்று. லினக்ஸில் ரெய்ட் உருவாக்குகிற கட்டளை ஒரே ஒரு வரி. நாட்களைத் தின்றவை டிஸ்கின் மாடல் எண்ணும் பவர் வயரும் கரண்ட் கட்டும்தான். ஆகவே அவற்றைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் ஏன் ரெய்ட் 6? ரெய்ட் 5 ஒரு டிஸ்க் செத்தால் தாங்கும், ரெய்ட் 6 இரண்டு செத்தாலும் தாங்கும். நான்கு 4 டெராபைட் டிஸ்கில் ரெய்ட் 5 போட்டால் 12 டெராபைட் கிடைக்கும், ரெய்ட் 6 போட்டால் 8 தான். இரவு முழுக்க நடக்கும் மலையக நாட்டார் கூத்தான காமன்கூத்தை வினாடிக்கு 50 மெகாபிட் தரத்தில் படம்பிடித்தால் மணிக்கு 22.5 ஜிபி, எட்டு மணி நேரத்துக்கு 180 ஜிபி. அந்தக் கணக்கில் 4 டெராபைட்டை இழப்பது வலிக்கத்தான் செய்யும். ஆனால் இங்கே, இலங்கை மலையகத்து ஹட்டனில், ஒரு டிஸ்க் செத்தால் மாற்று டிஸ்க் கொழும்பிலிருந்து வந்து சேரப் பல நாள் ஆகலாம். ரெய்ட் 5இல் அத்தனை நாளும் இன்னொரு டிஸ்க் விழாமல் இருக்க வேண்டும். புது டிஸ்கை மாட்டியதும் மிச்சம் மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தால்தான் அது நிரம்பும். பழைய டிஸ்க் பெரும்பாலும் காலை வாருவது அந்த நேரத்தில்தான். பக்கத்தில் கடை இல்லாத ஊரில் ரெய்ட் 6, இல்லாவிட்டால் ரெய்ட் 10 என்பதுதான் என் முடிவு. டிஸ்குகளை ஜோடி ஜோடியாக நகலெடுத்து வைக்கும் ரெய்ட் 10இலும் 8 டெராபைட்தான், வேகமும் கூட. ஆனால் ஒரே ஜோடியில் இரண்டும் போனால் எல்லாமே போய்விடும். ரெய்ட் 6இல் எந்த இரண்டு போனாலும் தாங்கும்.

டிஸ்க் வாங்க விடியற்காலை பஸ் ஏறி, கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்பு போனேன். நான்கையும் ஒரே கடையில் வாங்கியதுதான் முதல் தவறு. அதைவிடப் பெரிய தவறு, பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றின் லேபிளையும் வாசிக்காமல் வந்தது. மூன்று டிஸ்க் ஒரே மாடல். நாலாவதில் கடைசி எழுத்துகள் மட்டும் வேறு. “எல்லாம் ஒண்ணுதான் தம்பி, நாலு டீபின்னா நாலு டீபிதான்” என்று கடையில் சொன்னார்கள்.

ஒன்று இல்லை. அந்த நாலாவது டிஸ்க் எஸ்.எம்.ஆர். வகை. அதில் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு தடத்தில் திருத்த வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து மறுபடி எழுத வேண்டும். தனி டிஸ்காகப் படம் சேமித்து வைக்க அது போதும், ரெய்டுக்கு ஆகாது. நமக்குத் தேவை தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியாத சி.எம்.ஆர். வகை. பெட்டியின் மேல் ‘நாஸ்’ (நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) என்று போட்டிருந்தால் போதும் என்றும் நம்ப வேண்டாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனமே தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். என்று 2020 ஏப்ரலில்தான் வெளியே சொன்னது. அதன் பிறகு சி.எம்.ஆர். டிஸ்குகளை ரெட் பிளஸ் என்று பிரித்தது. ஆகவே வாங்கும் முன் முழு மாடல் எண்ணையும் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டே தீர வேண்டும்.

இதைக் கண்டுபிடித்த விதம் மற்றவர்களுக்கும் உதவும். முதல் ஒத்திசைவு (நான்கு டிஸ்கையும் ரெய்ட் முதல் தடவை ஒன்றோடொன்று பொருத்துகிற வேலை) ஓடும்போதே கோப்புகளையும் ஏற்றத் தொடங்கியிருந்தேன். வினாடிக்கு 150 மெகாபைட் போனது, ஒரு மணி நேரத்தில் 12க்கு இறங்கியது. டிஸ்குகளின் வேலைப்பளுவைக் காட்டும் ஐயோஸ்டாட் என்ற கருவியை விரிவான முறையில் ஓடவிட்டு, கடைசி நெடுவரிசையில் உள்ள பயன்பாட்டு விகிதத்தைப் பார்த்தேன். மூன்று டிஸ்க் 10, 15 என்று சும்மா இருக்க, ஒன்று மட்டும் விடாமல் 100இல் நின்றது. ஒரு டிஸ்க் மட்டும் இப்படி முட்டிக்கொண்டு நின்றால் முதலில் மாடல் எண்ணைப் பாருங்கள். இன்னொரு குறிப்பும் உண்டு. சுழலும் டிஸ்க் ஒன்று, எஸ்.எஸ்.டி. மாதிரி ‘டிரிம்’ (அழித்த இடத்தை டிஸ்குக்குத் தெரிவிப்பது) வசதி இருப்பதாகச் சொன்னால், அது எஸ்.எம்.ஆராக இருக்கப் பெரிய வாய்ப்பு.

திரும்பவும் கொழும்பு. “சீல் உடைச்சத எடுக்க ஏலாது” என்றார்கள். என் கையில் இருந்த பில்லில் ‘4 டிபி ஹார்ட் டிஸ்க் – 4’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. மாடலும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. அது இருந்திருந்தால் வாதாட ஒரு பிடி கிடைத்திருக்கும். கடைசியில் கூடுதல் காசு கொடுத்துத்தான் மாற்ற முடிந்தது. பில்லில் நான்கு சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். அங்கேயே நின்று தயாரிப்பாளரின் தளத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் வாரண்டி உண்டா என்று போனில் பாருங்கள். பத்து நிமிடம் போகும், ஒரு முழு நாள் மிஞ்சும். முடிந்தால் இரண்டிரண்டாக வேறு வேறு கடையில் வாங்குங்கள். ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்த டிஸ்குகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் சாக இடமுண்டு.

அடுத்த சிக்கல் பவர். காலையில் கணினியைப் போட்டால் சில நாள் நான்கு டிஸ்க், சில நாள் மூன்று. டிஸ்க் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். காரணம், டிஸ்குக்கு மின்சாரம் கொடுக்கிற ஒரு சாட்டா பவர் முனையை நான்காகப் பிரிக்கிற மலிவு வயர். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். நான்குக்கு 8. ஒரு சாட்டா பவர் முனை 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர் வரைக்கும்தான் தாங்கும். ஆகவே ஒரு முனையில் இரண்டு டிஸ்குக்கு மேல் வேண்டாம், பவர் சப்ளையிலிருந்தே வருகிற தனித்தனி வயர்களில் பிரித்து மாட்டுங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த முனையுள்ள மாற்று வயர்களைத் தொடவே வேண்டாம், உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பிடித்த கதைகள் நிறைய. மதர்போர்டு கையேட்டையும் ஒரு தடவை பாருங்கள். பல போர்டுகளில் எம்.2 எஸ்.எஸ்.டி. (போர்டிலேயே செருகுகிற வகை) மாட்டினால், டிஸ்க் மாட்டும் சாட்டா துளைகளில் 5, 6 இரண்டும் செத்துவிடும்.

நிறுவும் வேலை சுருக்கம். ஒவ்வொரு டிஸ்கிலும் கடைசியில் 100 எம்பி விட்டுவிட்டு ஒரே பார்டிஷன் போட்டேன். நாளைக்கு வேறு கம்பெனி டிஸ்க் வாங்கினால் அது சில செக்டர் (டிஸ்கில் டேட்டா எழுதும் சின்னத் துண்டு) குறைவாக இருந்தாலும் பொருந்த வேண்டுமே. பிறகு லினக்ஸில் ரெய்ட் உருவாக்கும் எம்.டி.அட்ம் கட்டளை, லெவல் 6, டிஸ்க் 4. ஒத்திசைவுக்கு எட்டு மணி நேரம் போனது. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெட்ட செக்டர் வந்தால் அது நிமிடக் கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் 30 வினாடிதான் பொறுக்கும், பிறகு நல்ல டிஸ்கையே வெளியே தள்ளிவிடும். டிஸ்க் அனுமதித்தால் பிழை மீட்பு நேரத்தை 7 வினாடியாக்குங்கள், அனுமதிக்காவிட்டால் லினக்ஸின் பொறுமையை 180 வினாடியாக உயர்த்துங்கள். எதைச் செய்தாலும் அந்தக் கட்டளை ஒவ்வொரு தடவை கணினி தொடங்கும்போதும் ஓட வேண்டும்.

புது டிஸ்கோடு மறுபடி ஒத்திசைவு ஓடிய மாலை மழையோடு கரண்ட் போனது. திரும்ப வந்தபோது கணினி அவசர நிலையில் கறுப்புத் திரையோடு நின்றது. தொகுதி, அதாவது நான்கு டிஸ்கும் சேர்ந்த ரெய்ட், காணவில்லை என்றது. உண்மையில் எதுவும் தொலையவில்லை. தொகுதிக்கு லினக்ஸ் வைத்த எம்.டி.0 என்ற பெயர் எம்.டி.127 ஆகியிருந்தது, அவ்வளவுதான். தொகுதியின் விவரத்தை எம்.டி.அட்ம் அமைப்புக் கோப்பில் சேர்த்த பிறகு, கணினி தொடங்கும்போது முதலில் வாசிக்கும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் புதுப்பிக்க வேண்டும். அந்த இரண்டாவது படியை விட்டுவிட்டேன். எந்த டிஸ்கைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எம்.டி.0 என்று எழுதாமல் யூயூஐடியை (மாறாத அடையாள எண்ணை) கொடுங்கள், ‘நோஃபெய்ல்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள். பிறகு தொகுதி கிடைக்காவிட்டாலும் கணினி எழுந்து நிற்கும். இன்னொரு பயமும் வந்தது. ஒத்திசைவு ‘பெண்டிங்’ என்று நின்றே கிடந்தது. தொகுதி வாசிப்புக்கு மட்டும் திறந்திருந்ததுதான் காரணம். எழுத அனுமதி கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்தே ஓடத் தொடங்கியது.

யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்கியிருக்கவே கூடாது. வாங்கும்போது யூஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள், அது இருந்தால்தான் பேட்டரி இறங்கும்போது ‘நட்’ மென்பொருள் கணினியை ஒழுங்காக நிறுத்தும். அதைவிட முக்கியம் எர்த். தோட்டத்துப் பழைய லயன் (வரிசை வீடு) வயரிங்கில் மூன்று துளை பிளக் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. கணினிப் பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருக்கிறதா? அப்படியானால் எர்த் இல்லை, இல்லாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. மின்னல் தடுப்புப் பலகை எவ்வளவு விலையானாலும் எர்த் இல்லாமல் பாதிதான் வேலை செய்யும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடி தொடங்கினால் ரூட்டரிலிருந்து வருகிற நெட்வொர்க் வயரையும் பிடுங்கிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கடைசியாக ஒன்றைச் செய்து பார்த்தேன், எல்லோரும் செய்ய வேண்டும். டேட்டா முழுவதையும் ஏற்றும் முன் ஒரு டிஸ்கை வேண்டுமென்றே தோற்றதாக அறிவித்து, கழற்றி, மறுபடி சேர்த்தேன். டிஸ்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்.டி.பி., எஸ்.டி.சி. என்ற பெயர்களை நம்பிக் கழற்றக் கூடாது, கணினியைத் திரும்பப் போடும்போது அவை இடம் மாறும். ஒவ்வொரு டிஸ்கின் முன்விளிம்பிலும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பெட்டிக்குள் டார்ச் அடித்தால் தெரிகிற பக்கத்தில் ஒட்ட வேண்டும். முதலில் மேலே ஒட்டினேன், அடுக்கில் ஏற்றியதும் மறைந்துவிட்டது. மாற்றங்களைக் குறித்துவைக்கும் பிட்மேப் இருந்ததால் திரும்பச் சேர்த்த டிஸ்க் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே வந்தது, நாலாவது ‘யூ’ திரும்பியது. கூத்து வீடியோக்களின் இன்னொரு பிரதி யூஎஸ்பி டிஸ்க் ஒன்றில் தலவாக்கலையில் சொந்தக்காரர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தவறுதலாக அழித்த கோப்பை எந்த ரெய்டும் திருப்பித் தராது.