இரண்டாகப் பிரிந்த கீபோர்டு

கடைசியில் வாங்கியேவிட்டேன். நடுவில் இரண்டாகப் பிரிந்த மெக்கானிக்கல் கீபோர்டு. பெட்டியைப் பிரித்ததும் அம்மா கேட்டது: "ஏம்ப்பா, உடைஞ்சு வந்திருக்கே, திருப்பி அனுப்பலையா?"

லேப்டாப்பில் இரண்டு கையும் நெஞ்சுக்கு நேராக ஒடுங்கி, மணிக்கட்டு வெளிப்பக்கம் வளைந்து கிடக்கும். இதில் இரண்டு பாதியையும் தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம், மணிக்கட்டு நேராக இருக்கும். சாயங்காலம் வரும் அந்தக் குடைச்சல் நன்றாகவே குறைந்திருக்கிறது.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நான் அடிப்பது தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில். அதில் உயிரெழுத்தெல்லாம் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. பிரிந்த கீபோர்டுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது! 'ம' வலப்பக்கம், 'ஆ' இடப்பக்கம், 'மா' தயார். ஒரே வில்லங்கம் 'ங'. அது B விசையில் இருக்கிறது, B இடப்பாதியோடு போய்விட்டது. இத்தனை வருஷம் வலக்கை ஆள்காட்டி விரலால் அதைத் தட்டிப் பழகியவன் நான். 'வாங்க', 'போங்க' என்று மரியாதையாக எழுதப்போனால் விரல் வெறும் மேசையைக் குத்துகிறது.

ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் ஸ்விட்ச் பிரவுன் வகை. மொத்தம் 4 மி.மீ. இறங்கும், ஆனால் 2 மி.மீ.யிலேயே எழுத்து பதிந்துவிடும். அடிவரை ஓங்கிக் குத்த வேண்டியதில்லை. தட்டும்போதெல்லாம் 'கிளிக்' என்று சத்தம் போடும் நீல ஸ்விட்ச் வாங்க நினைப்பவர்கள், அதே அறையில் யாராவது தூங்குவார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், விலையை இங்கே கேட்காதீர்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.