நவம்பர் 2024: நியூசிலாந்தில் மருத்துவமனை நாட்கள்

நவம்பர் 10, ஞாயிறு

என் கணவருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

எதிர்ப் படுக்கையில் இருக்கும், இந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரி இனத்து மூதாட்டியைப் பார்க்க அவருடைய மகன் வந்திருந்தார். கார் நிறுத்துமிடத்திலேயே அவரைக் கவனித்தேன். முதுகில் மாங்கிரல் மாப் என்ற கும்பலின் சின்னமான புல்டாக் தலை தைத்த கையில்லாத தோல் சட்டையை, இங்கே எல்லோரும் பேட்ச் என்று சொல்வதை, கழற்றி, படம் உட்புறம் போகும்படி மடித்து, இருக்கைக்கு அடியில் வைத்த பிறகுதான் அவர் உள்ளே வந்தார். அரசு அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, நகராட்சி நீச்சல் குளம் ஆகிய இடங்களில் கும்பல் சின்னம் தெரியக் கூடாது, மீறினால் 2,000 டாலர் வரை அபராதம் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. படுக்கையில் கிடப்பவர் பயந்தாலும் எழுந்து வேறிடம் போக முடியாது என்பதால், இந்தச் சட்டம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

நவம்பர் 12, செவ்வாய்

நாடாளுமன்றத்தில் பிரதமர் லக்ஸன் மன்னிப்புக் கேட்டதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். 1950 முதல் 2019 வரை அரசு மற்றும் திருச்சபைப் பராமரிப்பில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் வதைக்கப்பட்டார்கள் என்றும், அந்தச் சிறுவர் இல்லங்களிலிருந்தே பலர் கும்பல்களுக்குப் போனார்கள் என்றும் விசாரணை ஆணையம் எழுதியிருக்கிறது. மூதாட்டியின் மகன் கைகளைக் கட்டிக்கொண்டு, நின்றபடியே கடைசிவரை பார்த்தார். அவரிடம் எதையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் 14, வியாழன்

காய்ச்சல் 39.

நவம்பர் 17, ஞாயிறு

வருகிற வியாழனிலிருந்து புதிய சட்டம் வருகிறது. இனிக் கட்டடங்களுக்குள் மட்டுமல்ல, தெரு, கடை, பூங்கா என்று எந்தப் பொது இடத்திலும் பேட்ச் தெரியக் கூடாது. தெரிந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 டாலர் வரை அபராதம், சட்டையும் பறிமுதல். பச்சை குத்தியதற்கு மட்டும் தடையில்லை. கடைத்தெருவில் அந்தச் சட்டைகளைக் கண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கும் தாய்மாரின் அச்சம் பொய்யல்ல; நானும் அப்படி ஒதுங்கியிருக்கிறேன். ஆயினும் வாங்கனுய் நகராட்சி 2009இல் தன் தெருக்களில் இதே தடையைக் கொண்டுவந்தபோது, அது அளவுக்கு மீறி விரிந்திருக்கிறது என்று 2011இல் உயர் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. இப்போதைய மசோதாவும் உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று இதே அரசின் தலைமை வழக்கறிஞர் ஜூடித் காலின்ஸ் அறிக்கை கொடுத்தார். மசோதா அதற்குப் பிறகும் நிறைவேறியது. மருத்துவமனை வாசலில் கழற்றச் சொல்வது நோயாளியைக் காக்கிறது. தெருவில் கழற்றச் சொல்வது யாரைக் காக்கிறது என்று இரவெல்லாம் யோசித்தும் எனக்குத் தெளிவு பிறக்கவில்லை.

நவம்பர் 21, வியாழன்

சட்டம் நள்ளிரவில் அமலுக்கு வந்தது. மூன்றே நிமிடத்தில், இதே ஹேஸ்டிங்ஸில், காரின் முன்கண்ணாடிக்கு அருகே மாங்கிரல் மாப் சின்னத்தை வைத்திருந்த ஒருவர் மீது முதல் நடவடிக்கை எடுத்தார்கள். காருக்குள் என்று படித்ததும் இருக்கைக்கு அடியில் மடித்து வைத்ததுதான் நினைவுக்கு வந்தது. மூதாட்டி காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 22, வெள்ளி

மகன் வந்துவிட்டார்; சாதாரணச் சட்டைதான் அணிந்திருந்தார்.

நவம்பர் 24, ஞாயிறு

இறந்துபோன கணவரின் பேட்ச் தன் அலமாரியில் தொங்குகிறது என்றும், மகனும் அதே வீட்டில்தான் இருக்கிறார் என்றும் மூதாட்டி சொன்னார். புதிய சட்டப்படி, சின்னத்தைக் காட்டியதற்காக ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று முறை தண்டிக்கப்பட்டால் நீதிமன்ற ஆணை வரும். அதன் பிறகு அவர் வசிக்கும் வீட்டிலும் சின்னம் இருக்கக் கூடாது. அதை நான் வாசித்துக் காட்டியபோது, அடக்கத்தின்போது கணவரின் பெட்டி மேல் விரித்திருந்த அந்தச் சட்டையைக் காவலர் எடுத்துப் போவார்களா என்று கேட்டார். மகன் மீது ஒரு வழக்கும் இல்லையே என்றேன். "இன்னும் இல்லை" என்றார்.

நவம்பர் 25, திங்கள்

என் கணவரைக் காலையில் வெலிங்டனுக்கு மாற்றுகிறார்கள். அந்தச் சட்டப் பிரிவை அச்செடுத்து மூதாட்டியின் கையில் கொடுத்துவிட்டேன்.