உகாண்டாவில் வைரல் லோடு ஆய்வு: அட்டை சரியாகக் காய வேண்டும்

உகாண்டாவில் எச்.ஐ.வி. சிகிச்சை பற்றி, ரத்தத்தில் வைரஸின் அளவை (வைரல் லோடு) அளந்து ஆய்வு செய்ய, அங்கீகாரம் பெற்ற அறநெறிக் குழு ஒன்றின் ஒப்புதல் முதலில் வேண்டும். அடுத்து தேசிய அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலில் பதிவு. அதன்பின் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கும் மருத்துவ நிலையத்துக்கும் போகலாம். சம்மதப் படிவத்தை உள்ளூர் மொழியான லுகாண்டாவுக்கு மாற்றி, வேறொருவரை விட்டு மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கணும். கைநாட்டு வைப்பவருக்கு, ஆய்வில் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்கணும். இதெல்லாம் பொறுமை இருந்தால் முடிந்துவிடும்.

பாடு எல்லாம் ரத்தம் எடுப்பதில்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்த ரத்தத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை (செல்கள் நீங்கிய திரவப் பகுதி) பிரித்தாக வேண்டும். அப்படிச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் இல்லாத கிராமத்து நிலையத்தில், ரத்தத்தைச் சொட்டுவிட்டுக் காயவைத்து அனுப்பும் உலர் ரத்தப்புள்ளி அட்டைதான் கதி. அட்டையில் ஐந்து வட்டங்கள். ஒன்றுக்குச் சுமார் 70 மைக்ரோலிட்டர். வட்டத்தின் நடுவில் ஒரே தடவையில் விட வேண்டும். போதவில்லை என்று மேலே இன்னொரு சொட்டு விட்டால் அந்த வட்டம் போச்சு. புள்ளி பின்பக்கமும் முழுசாக ஊறியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கவும். வட்டத்துக்குள் விரல் படக்கூடாது.

பிறகு ஸ்டாண்டில் படுக்கை வாக்கில், வெயில் படாமல், குறைந்தது 4 மணி நேரம் காயவிடுங்கள். மார்ச் முதல் மே வரை மழைக்காலம். அப்போது ராத்திரி முழுக்க விடுவதே நல்லது. காய்ந்த புள்ளி கரும்பழுப்பாக இருக்கும். சிவப்பு மிச்சமிருந்தால் பையில் போடாதீர்கள். அவசரப்பட்டு ஹீட்டர் வைப்பதும் வேண்டாம். அட்டைகளுக்கு நடுவே கிளாசின் எனும் வழவழப்பான தாள், ஜிப் பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், கூடவே ஈரப்பதம் காட்டும் சீட்டு. சீட்டில் நீலம் இளஞ்சிவப்பானால் சிலிக்கா ஜெல்லை மாற்றணும்.

அங்கிருந்து மோட்டார் சைக்கிளில், சுற்றுவட்டார மாதிரிகளைச் சேர்க்கும் ஹப்புக்கு, ஹப்பிலிருந்து கம்பாலாவின் மத்திய ஆய்வகத்துக்கு. படிவத்தில் ஒரு எண், அட்டையில் வேறு எண் என்றிருந்தால், அருமையாகக் காய்ந்த அட்டையும் குப்பைக்குத்தான். அதனால் நோயாளி எழுந்து போகுமுன்னே பார்கோடை இரண்டிலும் ஒட்டிவிடுங்கள்.

முடிவுகளைத் தொகுக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். அட்டையில் இருப்பது முழு ரத்தம். செல்களுக்குள் இருக்கும் வைரஸின் டிஎன்ஏ, ஆர்என்ஏவும் கணக்கில் சேர்ந்து, குறைந்த அளவுகளில் எண்ணைக் கூட்டிக் காட்டும். சிகிச்சை பலிக்கவில்லையோ என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் வைத்த, மில்லிலிட்டருக்கு 1000 வைரஸ் பிரதிகள் என்ற எல்லைக்குக் கொஞ்சம் மேலே வரும் அட்டை முடிவை, பிளாஸ்மா முடிவுபோல் படிக்கக் கூடாது. தரவுக் கோப்பில் மாதிரியின் வகைக்கு (அட்டையா, பிளாஸ்மாவா) முதல் நாளே தனி நெடுவரிசை ஒன்று போட்டுவிடுங்கள்.